புள்ளி வைக்காத பெயர்கள்

ஆரக்கிளில் எஸ்கியூஎல் பழகுகிறவர்கள் முதல் சில நாட்களிலேயே ‘ஓஆர்ஏ-00918’ என்ற எரரைப் பார்த்துவிடுவார்கள். ஆரக்கிளோடு நெடுங்காலம் சேர்ந்தே வந்த மாதிரி அட்டவணைகளில் ‘எம்ப்’ என்பது ஊழியர்களுக்கு, ‘டெப்ட்’ என்பது துறைகளுக்கு. ஊழியர்கள் 14 பேர், துறைகள் 4. இரண்டையும் இணைத்து, ஊழியர் பெயரும் துறை எண்ணும் வேண்டும் என்று கேட்டால் ஆரக்கிள் மறுத்துவிடும். ‘டெப்ட்நோ’ என்ற நெடுவரிசை இரண்டு அட்டவணையிலும் இருக்கிறது, நீ கேட்பது எது என்பது அதன் கேள்வி. மைஎஸ்கியூஎல்லில் இதே மறுப்புக்கு எண் 1052, எஸ்கியூஎல் சர்வரில் 209. தீர்வும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ‘எம்ப்.டெப்ட்நோ’ என்று முன்னால் அட்டவணையின் பெயரையும் ஒரு புள்ளியையும் போட்டுவிட்டால் குவெரி ஓடும். பாடப்புத்தகம் அத்தோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் பெயர் மோதல் என்ற நோய்க்கு இந்த எரர் ஓர் அறிகுறிகூட இல்லை, மருந்து. மோதலைக் கண்டதும் நின்று கேட்கிற டேட்டாபேஸ் யாருக்கும் தீங்கு செய்ததில்லை. மோதலைக் கண்டும் காணாமல், பெயரை வைத்துத் தானே ஒரு முடிவுக்கு வந்து, எரர் எதுவும் இல்லாமல் தவறான விடையைக் கொடுக்கிற இடங்கள்தான் ஆபத்தானவை. எங்கே நின்று கேட்பது, எங்கே ஊகித்துக்கொண்டு போவது என்ற முடிவுகள் ஐம்பது ஆண்டுகளில் வெவ்வேறு கைகளால், வெவ்வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்டவை. அவற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஊகித்த இடமெல்லாம் பின்னால் தொல்லையாகியிருப்பது தெரியும்.

ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு முன்பே இந்த இரண்டு குணங்களும் ஒரே மொழிக்குள் குடியிருந்தன. வணிகக் கணக்குகளுக்காக 1960ஐ ஒட்டி உருவான கோபோல் மொழியில், இரண்டு ரெக்கார்டுகளில் ஒரே பெயருள்ள புலம் இருக்கலாம். ஆனால் அதைக் குறிப்பிடும்போது எந்த ரெக்கார்டின் புலம் என்பதை ‘ஆஃப்’ என்ற சொல்லால் சேர்த்தே எழுத வேண்டும், இல்லாவிட்டால் கம்பைலர் ஏற்காது. அதே கோபோலில் ‘மூவ் கரஸ்பாண்டிங்’ என்றொரு கட்டளையும் உண்டு. ஒரு ரெக்கார்டிலிருந்து இன்னொன்றுக்கு, பெயர் ஒத்துப்போகிற புலங்களையெல்லாம் அது மொத்தமாகப் பிரதி எடுத்துவிடும். பத்து வரி எழுத வேண்டிய இடத்தில் ஒரே வரி. பிற்பாடு யாராவது இரண்டு ரெக்கார்டிலும் நாளைக் குறிக்க ஒரே பெயரில் ஒரு புலத்தைச் சேர்த்தால், ஒன்று ஆர்டர் போட்ட நாளாகவும் மற்றது பணம் வந்த நாளாகவும் இருந்தாலும், அதுவும் கூடவே பிரதியாகிவிடும். கட்டளை எழுதப்பட்ட வரியில் எந்த மாற்றமும் இருக்காது. பல அலுவலகங்களின் நிரல் விதிகள் இந்தக் கட்டளையைத் தள்ளியே வைத்தன.

எட்கர் காட் 1970 ஜூனில் ஏசிஎம் அமைப்பின் இதழில் வெளியிட்ட கட்டுரைதான் ரிலேஷனல் மாதிரிக்கு அடித்தளம். ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்துகொண்டு அவர் எழுதிய அந்தக் கட்டுரையின் முதல் கவலை, தகவல் உள்ளே எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்படுத்துகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கக் கூடாது என்பது. அடுக்கு மாறினால் நிரல் உடையக் கூடாது. இந்தக் கவலையிலிருந்து அவர் ஒரு சிறிய முடிவுக்கு வருகிறார்: நெடுவரிசைகளின் வரிசைமுறையைக்கூட யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. சப்ளையர், பாகம், திட்டம், அளவு என்று நான்கு நெடுவரிசை இருந்தால் எது முதலில், எது மூன்றாவது என்று ஞாபகம் வைப்பதற்குப் பதிலாகப் பெயரால் கூப்பிட்டுக்கொள்ளலாம். கணிதத்தில் இடத்தால் அடையாளம் பெற்றவை இங்கே பெயரால் அடையாளம் பெற்றன. அப்படிச் சொன்னவுடனே ஒரு சிக்கல் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்குள் எத்தனை எண்ணிக்கை பொருந்துகிறது என்று சொல்லும் அட்டவணையை அவரே எடுத்துக்காட்டாகத் தருகிறார். அதில் முதல் நெடுவரிசையும் ‘பாகம்’, இரண்டாவதும் ‘பாகம்’. இரண்டுமே பாக எண்கள்தான், ஆனால் ஒன்று உள்ளே போவது, மற்றது வெளியே இருப்பது. வெறும் பெயர் போதாது என்று கண்டு, அது வகிக்கும் பாத்திரத்தையும் முன்னால் சேர்க்கச் சொன்னார் காட்: ‘சப்.பார்ட்’, ‘சூப்பர்.பார்ட்’. ஆக, புள்ளி முதல் கட்டுரையிலேயே வந்துவிட்டது. அவர் அதற்குக் கொடுத்த வேலையும் கவனிக்கத்தக்கது. இது எந்த அட்டவணையில் இருக்கிறது என்று சொல்வதற்காக அவர் புள்ளி வைக்கவில்லை. இந்த எண் இங்கே என்ன பாத்திரத்தில் நிற்கிறது என்று சொல்வதற்காக வைத்தார். அந்த இரண்டாவது வேலையைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் மறந்துபோனார்கள்.

அடுத்த ஆண்டே காட் ‘ஆல்ஃபா’ என்று ஒரு வினா மொழியை முன்வைத்தார். அட்டவணையின் வரிகளின் மேல் நகர்கிற ஒரு மாறியை முதலில் அறிவித்துவிட்டு, அந்த மாறியின் பெயரோடு ஒட்டித்தான் நெடுவரிசையைக் கேட்க முடியும். பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் உருவாக்கிய இங்கிரெஸின் ‘குவெல்’ மொழியும் அதே வழியில் போனது. ‘ஈ’ என்பது ஊழியர் அட்டவணையின் வரி என்று ஒரு தடவை சொல்ல வேண்டும், பிறகு எங்கேயும் ‘ஈ.நேம்’, ‘ஈ.டெப்ட்’தான். இந்த மொழிகளில் 00918 போன்ற எரருக்கு இடமே இல்லை. இரண்டு அட்டவணையில் ஒரே பெயர் இருந்தாலும், எதன் பெயர் என்று சொல்லாமல் கேட்கவே வழியில்லை.

ஐபிஎம்முக்குள் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட ‘சீக்வெல்’ வேறு ஆட்களை மனத்தில் வைத்திருந்தது. கணக்காளர்கள், பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள், நகரத் திட்டக்காரர்கள் என்று கணினியைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்காக, ஆங்கில வாக்கியம்போல் படிக்கக்கூடிய மொழி. மாறி, அளவையடை போன்ற கணிதத் தோரணைகள் அவர்களை மிரட்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். அது நியாயமான எண்ணமும்கூட. அதிலிருந்து பிறந்த சலுகைதான், குழப்பம் இல்லாத இடத்தில் பெயருக்கு முன்னொட்டு வேண்டாம் என்பது. சீக்வெல் என்ற பெயர் ஹாக்கர் சிடெலி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிக முத்திரையோடு மோதியதால், மொழியே எஸ்கியூஎல் என்று பெயர் மாற்றிக்கொள்ள நேர்ந்தது தனிக்கதை. 1979இல் ரிலேஷனல் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் ஆரக்கிளை எஸ்கியூஎல்லோடு விற்கத் தொடங்கியது, ஐபிஎம்மின் சொந்தத் தயாரிப்புகள் தொடர்ந்து வந்தன, 1986இல் அமெரிக்கத் தரநிலையும் அடுத்த ஆண்டு உலகத் தரநிலையும் எஸ்கியூஎல்லுக்கே கிடைத்தன. குவெல் ஒதுங்கியது. பெர்க்லியின் அடுத்த படைப்பான போஸ்ட்கிரெஸ்கூட 1990களின் நடுவில் குவெல் வழிவந்த தன் மொழியைக் கைவிட்டு எஸ்கியூஎல்லுக்கு மாறிக்கொண்டது. சந்தையில் வென்ற மொழியோடு, முன்னொட்டு விருப்பம்போல் என்ற அந்தச் சலுகையும் உலகம் முழுக்கப் பரவியது.

சலுகையின் விலை என்ன என்று பார்க்க வேண்டும். எஸ்கியூஎல்லின் விதிப்படி, ‘ஃப்ரம்’ பகுதியில் சொன்ன அட்டவணைகளில் ஒன்றில் மட்டும் அந்தப் பெயர் இருந்தால் முன்னொட்டு தேவையில்லை. அதாவது ஒரு குவெரி சரியா தவறா என்பது, அதில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவாவதில்லை. அதில் எழுதாத நெடுவரிசைகளையும் வைத்து முடிவாகிறது. ஆர்டர் அட்டவணையையும் வாடிக்கையாளர் அட்டவணையையும் இணைத்து ‘ஸ்டேட்டஸ்’ என்று மட்டும் கேட்கும் ஓர் அறிக்கை மூன்று ஆண்டுகளாக ஒழுங்காக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வேறு யாரோ, வேறு ஏதோ தேவைக்காக, வாடிக்கையாளர் அட்டவணையிலும் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்க்கிறார். அன்று இரவு அறிக்கை விழுந்துவிடும். அறிக்கையை எழுதியவர் எதையும் மாற்றவில்லை, புதிய நெடுவரிசையை அவர் கேட்கவும் இல்லை. அட்டவணையில் என்ன கூடினாலும் பழைய நிரல் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த மாதிரியில், வெற்றுப் பெயர் பின்கதவு வழியாக அந்தப் பழைய சார்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. இது பெரிய விஷயமா, எரர் வந்தால் ஒரு முன்னொட்டைப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எரர் வருகிற இடங்களில் அவர்கள் கேட்பது சரி.

எரர் வராத இடம் உள்குவெரி. எஸ்கியூஎல்லில் குவெரிக்குள் குவெரி வைக்கலாம். உள்ளே ஒரு வெற்றுப் பெயர் வந்தால் முதலில் உள் அட்டவணையில் தேடு, இல்லாவிட்டால் வெளி அட்டவணையில் தேடு என்பது விதி. ஆல்கால் 60 காலத்திலிருந்து நிரல் மொழிகள் மாறிகளுக்கு வைத்திருக்கும் அதே விதிதான். தன் துறையின் சராசரியைவிட அதிகம் சம்பளம் வாங்குகிறவர் யார் என்பதுபோன்ற கேள்விகளுக்கு உள்ளேயிருந்து வெளியே பார்க்கிற வசதி வேண்டும், அதனால் விதியில் பழுதில்லை. பழுது, அது வெற்றுப் பெயருக்கும் செல்லும் என்பதில் இருக்கிறது. ‘ஆர்டர்ஸ்’ அட்டவணையிலிருந்து சில வாடிக்கையாளர்களின் பழைய ஆர்டர்களை அழிக்க வேண்டும். அழிக்க வேண்டியவர்களின் பட்டியல் ‘பர்ஜ்’ என்ற இன்னொரு அட்டவணையில் இருக்கிறது. எழுதுகிறவர், ‘கஸ்டமர்_ஐடி’ என்பது பர்ஜ் பட்டியலில் உள்ள ‘கஸ்டமர்_ஐடி’களில் ஒன்றாக இருந்தால் அழி என்று ஓர் உள்குவெரியோடு எழுதுகிறார். பர்ஜ் அட்டவணையை உருவாக்கியவரோ அந்த நெடுவரிசைக்கு ‘கஸ்ட்_நோ’ என்று பெயர் வைத்திருக்கிறார். உள்குவெரியைத் தனியாக ஓட்டினால் அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்று எரர் வரும். சேர்த்து ஓட்டினால் வராது. உள்ளே கிடைக்காத பெயர் வெளியே ஆர்டர்ஸ் அட்டவணையில் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு வரியும் தன்னுடைய கஸ்டமர் ஐடியைத் தன்னோடே ஒப்பிட்டுப் பார்த்து ஆமாம் என்கிறது. பர்ஜ் பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தால் போதும், கஸ்டமர் ஐடி நிரப்பப்பட்ட ஆர்டர்கள் அத்தனையும் போய்விடும். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் நான்கிலும் இதுதான் நடக்கும். தரநிலை அப்படித்தான் சொல்கிறது, ஆகவே இதைப் பிழை என்று யாரிடமும் புகார் கொடுக்க முடியாது. ‘பர்ஜ்.கஸ்டமர்_ஐடி’ என்று ஒரு முன்னொட்டைப் போட்டிருந்தால் குவெரி எதையும் அழிக்கும் முன்பே எரரோடு நின்றிருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. வெளி அட்டவணையை வேண்டுமென்றே சுட்டி எழுதிய வெற்றுப் பெயர், நாளை உள் அட்டவணையில் அதே பெயரில் ஒரு நெடுவரிசை சேர்ந்தால், ஓசையில்லாமல் பொருள் மாறி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

பெயரை நம்பிப் போகலாமா என்ற கேள்வி கல்விக்கூடங்களிலும் ஒரு சண்டையாகவே நடந்தது. 1980களின் தொடக்கத்தில் ‘யுனிவர்சல் ரிலேஷன்’ என்ற கொள்கை வலுவாக இருந்தது. டேட்டாபேஸில் உள்ள அத்தனை அட்டவணைகளையும் ஒரே பெரிய அட்டவணையின் துண்டுகளாகப் பாவிக்கலாம், பயன்படுத்துகிறவர் நெடுவரிசைப் பெயரை மட்டும் சொன்னால் போதும், எந்த அட்டவணைகளை எப்படி இணைப்பது என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஜெஃப்ரி உல்மனின் குழு இதற்காக ‘சிஸ்டம்/யூ’வைக் கட்டியது. இது நடக்க வேண்டுமானால் ஒரு பெயர் டேட்டாபேஸ் முழுக்க ஒரே பொருளில் மட்டும் வர வேண்டும். ஐபிஎம்மைச் சேர்ந்த வில்லியம் கென்ட், இந்த அனுமானத்தை ஏற்றால் என்னென்ன பின்விளைவுகள் வரும் என்று 1981இல் தனிக்கட்டுரையே எழுதினார். ‘டேட்டா அண்ட் ரியாலிட்டி’ என்ற நூலில் பெயரும் பொருளும் ஒட்டாமல் நழுவுவதை 1978இலேயே விரிவாக ஆராய்ந்திருந்தவர் அவர். அடுத்த ஆண்டு உல்மன், அதற்குச் சற்று முன்பு வந்திருந்த ஒரு விண்வெளிப் படத்தின் தலைப்பைக் கேலியாக எடுத்துக்கொண்டு பதில் கட்டுரை எழுதினார். இரண்டு தரப்பிலும் கூர்மையான வாதங்கள் இருந்தன. ஆனால் நடைமுறை கென்ட் பக்கமே சாய்ந்தது. 1986இல் பட்டினி, லென்சரினி, நவாதே மூவரும், தனித்தனியாக உருவான டேட்டாபேஸ்களின் வடிவங்களை ஒன்றாக்கும் முறைகளையெல்லாம் ஒப்பிட்டு எழுதியபோது, பெயர் மோதலை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: ஒரே பெயர், வேறு பொருள், அல்லது ஒரே பொருள், வேறு பெயர். ஒரு நிறுவனத்துக்குள் இரண்டு டேட்டாபேஸ்களைச் சேர்க்கவே மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு, 1992இன் தரநிலையில் ‘நேச்சுரல் ஜாயின்’ வந்து சேர்ந்தது. அந்தத் தரநிலை செய்த நன்மைகள் நிறைய. இணைப்பு நிபந்தனையை ‘ஆன்’ என்று தனியாக எழுதும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். கூடவே, இரண்டு அட்டவணையிலும் ஒரே பெயருள்ள நெடுவரிசைகள் எல்லாவற்றையும் சமப்படுத்தித் தானே இணைத்துக்கொள்ளும் இந்த ஜாயினும் வந்தது. கோபோலின் ‘மூவ் கரஸ்பாண்டிங்’ புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பிவிட்டது என்று சொல்லலாம். 2001இல் வந்த 9ஐ பதிப்பில் ஆரக்கிளும் இதைச் சேர்த்துக்கொண்டது. அதன் விளைவைப் பார்க்க ஆரக்கிளின் மற்றொரு மாதிரித் தொகுப்பான ‘ஹெச்ஆர்’ போதும். அதில் ‘எம்ப்ளாயீஸ்’ அட்டவணையில் 107 பேர். அவர்களில் ஒருவருக்கு மட்டும் துறை குறிக்கப்படவில்லை. எனவே துறை எண்ணைக் கொண்டு ‘டிபார்ட்மென்ட்ஸ்’ அட்டவணையோடு இணைத்தால் 106 வரிகள் வர வேண்டும், வருகின்றன. அதையே நேச்சுரல் ஜாயின் என்று எழுதினால் 32 வரிகள்தான் வரும். காரணம், இரண்டு அட்டவணைக்கும் பொதுவாக இருப்பது துறை எண் மட்டும் அல்ல, ‘மேனேஜர்_ஐடி’யும்கூட. ஊழியர் அட்டவணையில் அது இந்த ஆளின் நேரடி மேலதிகாரி. துறை அட்டவணையில் அது அந்தத் துறையின் தலைவர். இரண்டையும் சமப்படுத்தியதும், யாருடைய நேரடி மேலதிகாரி துறைத் தலைவராகவும் இருக்கிறாரோ அவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். ஷிப்பிங் துறையில் 45 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் அந்தத் துறைத் தலைவரிடம் நேரடியாக வேலை பார்க்கும் 8 பேர் தவிர மற்ற எல்லோரும் காணாமல் போகிறார்கள். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. 32 என்ற எண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டுமானால் 106 என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். காட் 1970இல் ‘சப்’ என்றும் ‘சூப்பர்’ என்றும் பிரித்துக் காட்டிய அதே விஷயம் இங்கே பிரிக்கப்படாமல் கிடக்கிறது: இரண்டு நெடுவரிசையிலும் இருப்பது ஊழியர் எண், பாத்திரம் வேறு.

நேச்சுரல் ஜாயினுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. இங்கிலாந்தின் பீட்டர்லீயில் ஐபிஎம் ஆய்வாளர்கள் 1970களில் உருவாக்கிய ‘ஐஎஸ்பிஎல்’ மொழி பெயரொற்றுமையை வைத்துத்தான் இணைத்தது. ஹியூ டார்வெனும் கிறிஸ் டேட்டும் 1990களில் முன்வைத்த ‘டுடோரியல் டி’ மொழியும் அப்படியே. பெயர்கள் ஒழுங்காக இருந்தால் இதைவிடச் சுத்தமான இணைப்பு இல்லை என்பது அவர்கள் கட்சி. அது உண்மையும்கூட, ஆனால் அவர்களுடைய மொழிகளுக்குள் மட்டும். அங்கே ஒரு விடையில் ஒரே பெயர் இரண்டு முறை வர அனுமதியே கிடையாது. பெயரை மாற்றிவைக்கும் ‘ரீநேம்’ அங்கே மொழியின் அடிப்படைச் செயல்களில் ஒன்று. ஒழுங்கை மொழியே காவல் காக்கிறது. எஸ்கியூஎல்லோ ஒரே பெயரில் இரண்டு நெடுவரிசைகளைக் கொண்ட விடையைத் தாராளமாகத் தரும், பெயரே இல்லாத நெடுவரிசையையும் தரும். டேட் 1984லிருந்து எஸ்கியூஎல்லை விமர்சித்து எழுதிவந்தவற்றில் இதுபோன்ற ஒழுங்கின்மைக்குப் பெரும் பங்கு உண்டு. காவல் இல்லாத வீட்டுக்குக் காவலுள்ள வீட்டின் திறந்த கதவைக் கொண்டுவந்து பொருத்தியதுதான் தரநிலைக் குழு செய்த தவறு. மைஎஸ்கியூஎல்லில் நேச்சுரல் ஜாயினும், பொது நெடுவரிசையைப் பெயர் சொல்லி இணைக்கும் ‘யூசிங்’கும் தரநிலைக்கு ஒவ்வாத வகையில் இயங்கிவந்தன. 2005இல் 5.0.12 பதிப்பில் அதைத் திருத்தியபோது, அதுவரை ஓடிய பல குவெரிகள் நெடுவரிசை தெரியவில்லை என்று நின்றன, வேறு சில வேறு எண்ணிக்கையில் நெடுவரிசைகளைத் தந்தன. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் நேச்சுரல் ஜாயினை இன்றுவரை சேர்க்கவே இல்லை, அதனால் அங்கே யாருடைய வேலையும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

ஊகிப்பதா, மறுப்பதா என்ற கேள்விக்கு இருந்த விடைகளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க, டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்துவைக்கும் நிரல்களான ஸ்டோர்டு ப்ரொசீஜர்கள் உதவுகின்றன. ப்ரொசீஜருக்குள் மாறிகள் உண்டு, அதற்குள் வரும் குவெரிகளில் நெடுவரிசைகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால்? ஆரக்கிளின் பிஎல்/எஸ்கியூஎல்லில் நெடுவரிசை வெல்லும். ‘லாஸ்ட்_நேம்’ என்ற மாறியில் ‘கிங்’ என்று வைத்துக்கொண்டு, லாஸ்ட்_நேம் சமம் லாஸ்ட்_நேம் என்ற நிபந்தனையோடு அழித்தால் ‘கிங்’ மட்டும் போக மாட்டார், பெயர் உள்ள அத்தனை பேரும் போவார்கள். ஆரக்கிளின் சொந்தக் கையேடே இதை எச்சரிக்கையாகத் தந்திருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் தலைகீழ், மாறி வெல்லும். நிபந்தனை மாறியைத் தன்னோடே ஒப்பிடும் என்பதால் இங்கும் அட்டவணை காலியாகத்தான் ஆகும். நேரெதிரான இரண்டு விதிகள், ஒரே சேதம். இதில் எந்த விதி சிறந்தது என்று வாதிப்பதே வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லைப் போலவே மாறிக்கு முதலிடம் கொடுத்துவந்தது. 2010இல் வெளியான 9.0 பதிப்பில், பழைய நடத்தை பலரைத் தடுமாற வைத்தது என்பதை ஒப்புக்கொண்டு, மோதல் இருந்தால் எரர் கொடுத்து நின்றுவிடும்படி மாற்றினார்கள். பழைய நிரல்கள் தடுக்கி விழும் என்று தெரிந்தே செய்தார்கள். விழுந்தவர்களுக்காக ‘வேரியபிள்_கான்ஃப்ளிக்ட்’ என்றொரு அமைப்பையும் வைத்தார்கள், மாறிக்கோ நெடுவரிசைக்கோ முதலிடம் வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நான் பார்த்தவரையில் இந்த வரலாற்றில் மிகத் தெளிவான முடிவு இதுதான்.

இதற்கெல்லாம் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு: ஒவ்வொரு நெடுவரிசைப் பெயருக்கும் அட்டவணையின் சுருக்கத்தை முன்னால் ஒட்டிவிட்டால் மோதலே வராதே? ‘எம்ப்’ அட்டவணையின் ‘ஈநேம்’, ‘டெப்ட்’ அட்டவணையின் ‘டிநேம்’ அப்படிப் பிறந்தவைதான். பிஎல்/எஸ்கியூஎல் எழுதுபவர்கள் மாறிகளுக்கு ‘வி_’, ‘பி_’ என்று வைப்பதும் அதே வைத்தியம்தான். பல இடங்களில் இது வேலை செய்கிறது, மறுப்பதற்கில்லை. பெயர் நீளம் 30 எழுத்தைத் தாண்டக் கூடாது என்று ஆரக்கிள் 12.1 வரையிலும் வைத்திருந்த கட்டுப்பாட்டில் இதற்காகச் சில எழுத்துகளை இழந்ததையும் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் ஓர் ஊழியரின் பெயரும் அவருடைய மேலதிகாரியின் பெயரும் வேண்டுமென்றால், ‘எம்ப்’ அட்டவணையை அதனோடே இணைக்க வேண்டும். அங்கே ஈநேம் இரண்டு தடவை வரும், ஒட்டிய முன்னொட்டும் இரண்டிலும் ஒன்றே. அட்டவணைக்கு ‘ஈ’ என்றும் ‘எம்’ என்றும் அலியாஸ் கொடுத்துப் புள்ளி வைத்தே ஆக வேண்டும். பாத்திரம் என்பது குவெரிக்குள் பிறப்பது, அட்டவணையை உருவாக்குகிறவர் அதை முன்கூட்டியே பெயரில் எழுதிவைக்க முடியாது. இந்த வைத்தியத்தின் வரம்பு அதுதான்.

2004இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ், மறு ஆண்டு வந்த ஜாங்கோ ஆகிய வலை ஃப்ரேம்வொர்க்குகள் எதிர்த் திசையில் போயின. எல்லா அட்டவணைக்கும் முதன்மைச் சாவி ‘ஐடி’, எல்லாவற்றுக்கும் அதே பெயர். நிரல் எழுதுவது வேகமாயிற்று, குவெரியை ஃப்ரேம்வொர்க்கே முன்னொட்டு போட்டு எழுதிக்கொண்டது. ஆகவே இனி இந்தக் கவலை எதற்கு என்று கேட்பது நியாயமாகத் தோன்றும். ஃப்ரேம்வொர்க் எழுதும் குவெரிக்கு அது பொருந்தும். அதன் நடுவில் கையால் செருகும் ஒரு துண்டு நிபந்தனைக்குப் பொருந்தாது. ‘ஐடி’யும் ‘கிரியேட்டட்_அட்’டும் எல்லா அட்டவணையிலும் இருக்கும்போது, மோதல் விதிவிலக்காக இல்லாமல் விதியாகிவிடுகிறது. குவெரி சரியாக இருந்தாலும் விடையை வாங்கும் இடத்தில் இன்னொரு ஊகம் காத்திருக்கிறது. பிஎச்பியில் விடையின் ஒரு வரியைப் பெயர் வாரியாக எடுத்துத் தரும் மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன், ஒரே பெயரில் இரண்டு நெடுவரிசை வந்தால் கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு முன்னதை விட்டுவிடும். ஆர்டரின் ஐடி வேண்டிய இடத்தில் வாடிக்கையாளரின் ஐடி வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டும் எண்தான், திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மொழியே வளர்ந்துவந்து நம் பெயரைப் பிடுங்கிக்கொள்ளும் வகையும் உண்டு. 2018இல் மைஎஸ்கியூஎல் 8.0 ‘ரேங்க்’, ‘குரூப்ஸ்’ ஆகியவற்றை ஒதுக்கப்பட்ட சொற்களாக்கியபோது, அந்தப் பெயரில் நெடுவரிசையோ அட்டவணையோ வைத்திருந்தவர்களின் குவெரிகள் மேற்கோள் குறி இல்லாமல் ஓடவில்லை. போஸ்ட்கிரெஸில் ‘எக்ஸ்மின்’ என்று நெடுவரிசை உருவாக்கப் பார்த்தால், அது உள்ளமைப்பின் பெயரோடு மோதுகிறது என்று உருவாக்கும்போதே மறுத்துவிடும். இரண்டும் சத்தமான மோதல்கள், அரைநாளில் தீர்ந்துவிடும். எஸ்கியூலைட் செய்வது வேறு. இரட்டை மேற்கோள் குறிக்குள் உள்ளது நெடுவரிசைப் பெயராகக் கிடைக்காவிட்டால் அதை ஒரு சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொண்டு போய்விடும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் எரர் வராது, ஒப்பீடு மட்டும் பொய்க்கும். பழைய மைஎஸ்கியூஎல்லோடு ஒத்துப்போவதற்காகச் செய்த இந்த ஏற்பாட்டை எஸ்கியூலைட்காரர்களே பிற்பாடு தவறான அம்சம் என்று தங்கள் ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். இருக்கிற நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் எடுக்கவும் முடியவில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது. எல்லாப் பெயருக்கும் புள்ளி வைக்கச் சொன்னால், கணக்காளரும் நகரத் திட்டக்காரரும் எழுதக்கூடிய மொழி என்ற சீக்வெல்லின் நோக்கமே அடிபடாதா? ஒரே அட்டவணையைக் கேட்கும் குவெரிக்கு அடிபடும், அங்கே முன்னொட்டு வெறும் சுமைதான், விட்டுவிடலாம். இரண்டாவது அட்டவணை உள்ளே வந்த நொடியில் கணக்கு மாறுகிறது. அப்போது எழுதுகிறவர் எதன் துறை எண், யாருடைய மேலதிகாரி என்று எப்படியும் மனத்துக்குள் முடிவுசெய்துதான் இருப்பார். அந்த முடிவை எழுத இரண்டு எழுத்து கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். கணினியைத் தொழிலாகக் கொள்ளாதவருக்குத்தான் இது இன்னும் அவசியம். 32 வரிகளைப் பார்த்து 106 எங்கே என்று கேட்கும் பழக்கம் தொழில்காரருக்காவது இருக்கும்.

எஸ்கியூஎல் பாடம் எடுப்பவர்களுக்கும் பாடநூல் எழுதுபவர்களுக்கும் இதில் ஒரு வேண்டுகோள். ஜாயின் பாடத்தை வெற்றுப் பெயரோடு தொடங்கி, எரர் வந்த பிறகு புள்ளியைப் பரிகாரமாகச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் ஜாயினிலேயே அலியாஸும் புள்ளியும் இருக்கட்டும், உள்குவெரிக்குள் கட்டாயம் இருக்கட்டும். ‘டெலீட்’ பாடத்தில் அந்த பர்ஜ் உதாரணத்தை மாணவர்கள் கையாலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க விடுங்கள், பயிற்சி டேட்டாபேஸில்.